முத்திரைக்கு ஒரு வயது, பூக்களுக்கு ஒரு வயது

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு ஏலத்தில் பழைய ஆங்கிலேய வெள்ளிச் சாஸ் கிண்ணம் ஒன்று வாங்கினேன். மூன்று கால்கள், கால்களின் தலைப்பில் சிப்பி, சுருண்ட கைப்பிடி, உடல் முழுக்கப் பூவும் இலையும். அடியில் சிங்கம், முடிசூடிய சிறுத்தைத் தலை, சின்ன 'ஹெச்' எழுத்து மூன்றும் தெரிகின்றன. தயாரித்தவரின் முத்திரை தேய்ந்துபோயிருக்கிறது. பக்கத்தில் '14=8' என்று கீறியிருக்கிறார்கள். எடை 431 கிராம். விற்றவர், "1743-ஆம் ஆண்டு, ரொக்கோகோ, பால் டி லாமெரி பாணி" என்றார். ஒரு கால் சற்று உள்ளே அமுங்கியிருக்கிறது; வெள்ளியும் நன்றாகக் கறுத்துவிட்டது. இது அந்தக் காலத்துப் பொருள்தானா? நம் வீடுகளில் செய்வதுபோல் புளியும் திருநீறும் போட்டுத் தேய்க்கலாமா? காலை நிமிர்த்த முடியுமா? விருந்தில் பயன்படுத்தலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் கேள்விகளில் இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு எதைக் கொண்டும் தேய்க்க வேண்டாம். கிண்ணத்தின் வயதைச் சொல்லும் சான்றுகளில் பாதி அந்தக் கறுப்புக்குள் இருக்கின்றன; தேய்த்துவிட்டால் அவை திரும்ப வராது.

நீங்கள் எழுதியதையும் அனுப்பிய படங்களையும் வைத்துப் பார்க்கும்போது, கிண்ணம் 1743-44-இல் செய்யப்பட்டதாகவே தெரிகிறது. ஆனால் அதன்மேல் இருக்கும் பூக்கள் ஏறத்தாழ நூறு வருடம் இளையவை என்று நினைக்கிறேன். இரண்டையும் நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்க முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு கைவிளக்கு, கிராம் காட்டும் தராசு மூன்றும் போதும்.

சிங்கம் வெள்ளியின் தரத்துக்கு அடையாளம், சிறுத்தைத் தலை லண்டனுக்கு, எழுத்து ஆண்டுக்கு. அந்த ஆண்டெழுத்தில் தொடங்குவோம். லண்டனில் ஓர் எழுத்துச் சுற்று இருபது ஆண்டுகள். சின்ன 'ஹெச்' 1743-க்கு மட்டும் உரியதல்ல. 1783-இலும் 1823-இலும் அதே எழுத்து வந்தது; இடைப்பட்ட சுற்றுகளில் பெரிய எழுத்து. விற்றவர் மூன்றில் தமக்குப் பிடித்ததைச் சொல்லியிருக்கலாம், ஆகவே சரிபார்க்க வேண்டும். 1823-ஐ எளிதாகத் தள்ளிவிடலாம். 1784 டிசம்பர் முதல் 1890 வரை லண்டன் வெள்ளியில் வரி கட்டியதற்கு அடையாளமாக அரசரின் தலை முத்திரையும் இருக்கும். உங்கள் கிண்ணத்தில் அது இல்லை. தவிர 1821-க்குப் பிறகு சிறுத்தை முடியை இழந்துவிட்டது, சிங்கமும் நம்மைப் பார்ப்பதை விட்டு நேராக முன்னால் பார்க்கத் தொடங்கியது. உங்கள் சிறுத்தைக்கு முடி இருக்கிறது. சிங்கத்தின் முகம் நம் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

1783 கொஞ்சம் சிக்கலானது. அந்த ஆண்டிலும் முடி உண்டு, அரசர் தலை இல்லை. இங்கே கிண்ணத்தின் உருவம்தான் சாட்சி. 1780-களில் ரசனை முழுக்க மாறிவிட்டது: நேரான கோடுகள், மணிவரிசை விளிம்பு, சாஸுக்கே மூடி போட்ட சின்னக் குடுவைகள். சிப்பித் தலையுள்ள மூன்று வார்ப்புக் கால்களும், உடலைத் தொடாமல் மேலெழுந்து வளையும் கைப்பிடியும், அலைபோல் வளைந்த விளிம்பும் 1740-களின் மொழி. முத்திரையைச் சுற்றியுள்ள கேடயக் கோட்டின் வடிவமும் சுற்றுக்குச் சுற்று மாறும். அதை அச்சிட்ட முத்திரை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்து மாறும் நாள் மே 29 என்பதால் உங்கள் கிண்ணத்தை 1743-44 என்று இரட்டை ஆண்டாகக் குறிப்பதே சரி.

லாமெரி பெயரை விட்டுவிடுங்கள். பால் டி லாமெரி 1688-இல் நெதர்லாந்தில் ஹ்யூகனோ (பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்) குடும்பத்தில் பிறந்து, லண்டனில் வளர்ந்து, 1751-இல் இறந்தவர். சிப்பியும் சுருளும் நிறைந்த ரொக்கோகோ என்ற 18-ஆம் நூற்றாண்டு அலங்காரப் பாணியில், ஆங்கில வெள்ளியின் உச்சம் அவர் பட்டறையிலிருந்து வந்தது. அதனாலேயே அவர் பெயரை ஒட்டாத பழைய வெள்ளியே சந்தையில் இல்லை என்றாகிவிட்டது. 'பாணி' என்ற சொல்லுக்கு எந்த ஆவணமும் தேவையில்லை, முத்திரைக்குத்தான் தேவை. ஒரு சட்டத்தின்படி 1739-இல் லண்டன் வெள்ளிக் கொல்லர்கள் எல்லோரும் பழைய முத்திரையை அழித்துவிட்டு, பெயரின் முதலெழுத்துகளை வேறு எழுத்து வடிவில் புதிதாகப் பதிவு செய்தார்கள். லாமெரியின் 1739 முத்திரையில் பி, எல் இரண்டும் கையெழுத்துச் சாய்வில் இருக்கும், மேலே கிரீடம். உங்கள் தேய்ந்த முத்திரையில் மீதமிருக்கும் ஒரு வளைவோ ஒரு காலோ போதும், அது சாய்வெழுத்தா நேரெழுத்தா என்று கண்டுபிடிக்க. பக்கவாட்டில் தாழ்வாக விளக்கைப் பிடித்துப் படம் எடுங்கள். லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் 1740-களின் பதிவேடுகள் இருக்கின்றன, ஆகவே தேடல் வீண்போகாது. 1759 முதல் 1773 வரையிலான பெரிய சாமான் செய்பவர்களின் ஏடு தொலைந்துபோனது. அந்தக் காலத்துப் பொருள் என்றால் இந்த வழி அடைபட்டிருக்கும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: முத்திரையில் உள்ள பெயர், பொருளைச் சோதனைக்கு அனுப்பிப் பொறுப்பேற்றவரின் பெயர். வார்ப்புக்கு மாதிரி செய்தவரும் நகாசு அடித்தவரும் பெரும்பாலும் வேறு ஆட்கள்.

அடுத்து, முத்திரை இந்தக் கிண்ணத்திலேயே பிறந்ததா என்று பாருங்கள். 1720 முதல் 1758 வரை வெள்ளிக்கு அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி இருந்தது. உங்கள் கிண்ணம் அளவுக்கே ஏழு ஷில்லிங்குக்கு மேல் வரும். பெரிய சாமான்களில் தொகை கனத்துவிடும். எனவே சிலர் சின்னப் பொருள் ஒன்றை முத்திரையிட்டு வாங்கி, அந்தத் துண்டை வெட்டிப் பெரிய பொருளின் அடியில் பதித்துவிடுவார்கள். பிற்காலத்துப் போலிகள் பழைய கரண்டிக் காம்பிலிருந்து முத்திரையை வெட்டி வைத்தன. இதைக் கண்டுபிடிக்க, கிண்ணத்தைக் கவிழ்த்து முத்திரைமேல் வாயால் ஊதி ஆவி பிடிக்கச் செய்யுங்கள். பற்றவைத்த இடத்தின் உலோகக் கலவை வேறு. ஆவி படிந்து மறையும் அந்த ஓரிரு நொடிகளில் முத்திரைகளைச் சுற்றி மெல்லிய வட்டமோ சதுரமோ தனியாகத் தெரியும். தெரியாவிட்டால் நல்லது. நான்கு முத்திரைகளும் ஒரே நேர்க்கோட்டில் நெருக்கிப் பிதுங்கி நின்றால் கரண்டிக் காம்பைச் சந்தேகியுங்கள்.

'14=8' என்பது எடை: 14 டிராய் அவுன்ஸ், 8 பென்னிவெயிட். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், அதில் இருபது பென்னிவெயிட். ஆக அன்றைய எடை சுமார் 448 கிராம். இன்று 431. குறைந்தது 17 கிராம், அதாவது 11 பென்னிவெயிட், நூற்றுக்கு நாலுக்கும் கொஞ்சம் குறைவு. இருநூற்று எண்பது ஆண்டு மெருகு போட்டதில் இவ்வளவு போவது இயல்பே. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. எடை கூடவில்லை என்பதால் காலோ கைப்பிடியோ கனமாக மாற்றி வைக்கப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. பத்து சதவீதம்போல் குறையவில்லை என்பதால், பழைய குலச்சின்னத்தைச் சுரண்டி எடுத்த பெரிய இழப்பும் இருக்காது. இருந்தாலும் வயிற்றுப் பக்கத்தைக் கட்டைவிரலால் மிக மெல்ல அழுத்திப் பாருங்கள். சுரண்டிய இடம் தகரம்போல் அசையும்.

ஆனால் பூக்களைப் பற்றி எடை எதுவும் சொல்லாது. செதுக்கு வேலையில் உளி வெள்ளியை வெட்டி எடுக்கிறது; நகாசில் மழுங்கிய உளியால் தட்டி உலோகத்தை இடம் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். நூறு ஆண்டு கழித்து ஒருவர் கிண்ணத்தில் அரக்கை நிரப்பி உடல் முழுக்கப் பூ அடித்திருந்தாலும் தராசு அதைக் காட்டிக்கொடுக்காது.

இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். 1740-களின் லண்டன் சாஸ் கிண்ணங்களில் பெரும்பாலானவற்றின் உடல் வெறுமையானது. அலங்காரம் வார்ப்பில் இருந்தது: கால், கைப்பிடி, சில சமயம் விளிம்பு. தட்டி எடுத்த வழவழப்பான வயிறும் அதில் ஒட்டிய கனத்த வார்ப்பும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதே அந்தக் காலத்து அழகு. உடலிலும் வேலைப்பாடு கேட்டவர்கள் பெரும் பணக்காரர்கள். அவர்களுக்குச் செய்த பொருளில் கால், கைப்பிடி, விளிம்பு எல்லாமே அதே அளவு ஆடம்பரமாக இருக்கும். வேல்ஸ் இளவரசர் ஃப்ரெடரிக்குக்காக 1740-களின் தொடக்கத்தில் வெள்ளிக் கொல்லர் நிக்கலஸ் ஸ்பிரிமான்ட் செய்த, கடல் உருவங்கள் கொண்ட மேசைச் சாமான் வரிசையில் உப்புக் கிண்ணமே ஒரு நண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அது இன்றும் அரச சேகரிப்பில் உள்ளது. அங்கே எது உடல், எது அலங்காரம் என்று பிரிக்கவே முடியாது. உங்கள் கிண்ணத்தின் கால்கள் சாதாரணமானவை, பட்டியல் விலைக்குச் செய்த நல்ல கால்கள். அவற்றின் மேல் இவ்வளவு அடர்த்தியான பூ ஏறியிருப்பது பொருந்தவில்லை.

பூக்களின் அமைப்பையும் பாருங்கள். ரொக்கோகோ சமச்சீரை வேண்டுமென்றே உடைக்கும். ஒரு பக்கம் சுருள் மேலே ஏறினால் மறுபக்கம் சிப்பி கீழே வழியும். சில இடம் ஆழமாகப் புடைக்கும், பக்கத்திலேயே வெற்றிடம் மூச்சுவிடும். 1820-களில் ரொக்கோகோ மோகம் மறுபடி வந்து விக்டோரியா காலத்திலும் நீடித்தது. அப்போது பாட்டன் காலத்து வெற்று வெள்ளி பலருக்கு ஏழையாகத் தெரிந்தது. பட்டறைக்கு அனுப்பிப் பூ அடித்து வாங்கினார்கள். அந்தப் பூக்கள் இடைவெளி விடாமல் ஒரே ஆழத்தில், இருபுறமும் ஒரே மாதிரி நிரம்பியிருக்கும். பின்னணி முழுக்கப் பொடிப்பொடிப் புள்ளி. உங்கள் படங்களில் நான் பார்ப்பது இதுதான்.

படத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்ல மாட்டேன். நான்கு இடங்களைத் தொட்டுப் பாருங்கள். முதலாவது தேய்மானம், இதுவே மிக வலுவான சான்று. முத்திரைகள் அடியில், மூன்று கால்களுக்கு நடுவே, துணி அதிகம் படாத இடத்தில் இருக்கின்றன. அவையே தேய்ந்திருக்கும்போது, ஒவ்வொரு மெருகுக்கும் நேராக நிற்கும் பூவிதழ்களின் முனை அதைவிட மழுங்கியிருக்க வேண்டும். இதழ் நரம்புகள் விரலில் கூராகத் தட்டுப்பட்டால் அவை முத்திரையோடு பிறந்தவை அல்ல. இரண்டாவது, கால்களுக்குப் பின்புறமும் கைப்பிடியின் அடியும். ஏற்கெனவே கால் ஒட்டிய கிண்ணத்தில் பிறகு நகாசு அடிப்பவரால் அந்த இடுக்குகளில் உளியைச் சரியான கோணத்தில் பிடிக்க முடியாது. அலங்காரம் அங்கே திடீரென நின்றிருக்கும், அல்லது தயங்கித் தயங்கிப் போயிருக்கும். மூன்றாவது, நடுவிலுள்ள சட்டகம். அதற்குள் குலச்சின்னமோ எழுத்தோ இருந்தால், பூக்கள் அதை மதித்து விலகியிருக்கின்றனவா, வெட்டிக்கொண்டு போகின்றனவா? பழைய செதுக்குக் கோட்டின் வால் ஒன்று இலைக்கடியில் மறைந்தால் வழக்கு முடிந்தது. நான்காவது, இருட்டறையில் கிண்ணத்துக்குள் விளக்கைப் பிடியுங்கள். தட்டி உயர்த்திய இடத்தில் தகடு மெலிந்திருக்கும். அதற்குப் பிறகு மெருகும் சேர்ந்தால் இதழ் நுனிகளில் ஊசித் துளைகள் விழும். வெளியே ஒளிப்புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, சவுத் கென்சிங்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வெள்ளிக் கூடங்களுக்குப் போய்வாருங்கள்; அனுமதி இலவசம். 1735 முதல் 1755 வரையிலான பேழைகளை மட்டும் பார்த்தால் போதும். அசல் ரொக்கோகோ நகாசு எவ்வளவு துணிச்சலானது என்பதைப் படத்தில் உணர முடியாது.

பூக்கள் பிற்காலத்தவை என்று உறுதியானால் விலை குறையும், அதை மறைப்பதற்கில்லை. சேகரிப்பவர்கள் தொடாத வெற்றுக் கிண்ணத்தையே தேடுகிறார்கள். ஆனால் "பூவைத் தட்டிச் சமப்படுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறேன்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். மறுபடி சூடாக்கி, தட்டி, அரத்தால் ராவி மெருகிட்டால் ஏற்கெனவே மெலிந்த தகடு காகிதமாகும். 1743-ம் திரும்பி வராது, 1840-ம் கையில் இருக்காது. நேர்மையாகச் செய்த விக்டோரியா நகாசும் ஒரு கைவேலைதான். அப்படியே இருக்கட்டும்.

இனி கால். குறுகிய வார்ப்புக் காலின் தலை, மெல்லிய வயிற்றுத் தகட்டில் ஒரு சின்ன இடத்தில் முழுப் பாரத்தையும் இறக்குகிறது. கிண்ணத்தை நிற்க வைத்து மேலிருந்து அழுத்தித் துடைக்கும்போது தகடு உள்ளே குழியும், பிறகு சிப்பியின் ஓரத்தில் முடிபோல் விரிசல் ஓடும். உட்புறம் லென்ஸ் வைத்து அந்த விரிசலைத் தேடுங்கள். விரிசல் இல்லை என்றால், பழைய வெள்ளி அறிந்த கொல்லர் உள்ளிருந்து மரத்தாலோ கொம்பாலோ ஆன கருவியால் சூடு காட்டாமலே மெல்ல வெளியே தள்ளிவிடுவார். விரிசல் இருந்தால் லேசர் பற்றவைப்பைக் கேளுங்கள். சூடு அந்தப் புள்ளியோடு நின்றுவிடும்.

கொல்லர் கையில் கொடுக்கும் முன் கால் இணைப்பில் சாம்பல் நிறத்தில் மெத்தென்ற கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். யாரோ எப்போதோ ஈயப்பற்று வைத்திருக்கலாம். ஈயம் 327 டிகிரியில் உருகும். வெள்ளிக் கலவையால் பற்றவைப்பதற்கு அதைப்போல் இரு மடங்குக்கு மேல் சூடு வேண்டும். ஈயத்தைச் சுரண்டி எடுக்காமல் தீயைக் காட்டினால் அது சுற்றியுள்ள வெள்ளிக்குள் ஊடுருவி, கண்முன்னே குழிகுழியாகத் தின்றுவிடும். தீ பட்டால் இன்னொரு கேடும் உண்டு. இந்த வெள்ளியில் நூற்றுக்கு 7.5 பங்கு செம்பு. அது உள்ளே காற்றோடு சேர்ந்து ஊதா கலந்த சாம்பல் கறையாகத் தங்கிவிடும். அதை மறைக்க மேலே மின்முலாம் பூசித் தருவார்கள். பழைய வெள்ளியின் மென்மையான நிறம் அதோடு போயிற்று. "முலாம் வேண்டாம், எந்திரச் சாணை வேண்டாம்" என்று எழுதியே கொடுங்கள். புதுக் கால், ஒட்டுத் தகடு என்று புது வெள்ளி சேர்க்கும் யோசனை வந்தால் வேலையை நிறுத்திவிட்டு வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் லண்டன் அஸே அலுவலகத்தைக் கேளுங்கள். ஹால்மார்க் உள்ள பொருளில் அனுமதியில்லாமல் சேர்ப்பு செய்தால் பின்னால் விற்கும்போது சட்டச் சிக்கல் வரும்.

சோதனைகள் முடிந்து, படங்களும் எடுத்த பிறகு சுத்தம் செய்யலாம். புளி வேண்டாம், அதன் அமிலம் விரிசலிலும் பற்றிலும் தங்கி அரிக்கும். திருநீறு, சாம்பல், பற்பசை மூன்றிலும் வெள்ளியைக் கீறும் துகள் உண்டு. முக்கியெடுக்கும் ரசாயனக் கரைசல் நகாசுப் பள்ளங்களின் நிழலையும் சேர்த்து எடுத்து, பொருளை உயிரில்லாத வெளுப்பாக்கும். அலுமினியத் தாளும் சோடாவும் வைக்கும் முறை பார்க்க வியப்பாக இருக்கும். ஆனால் அதுவும் பள்ளங்களை வெளுத்துவிடும், மேற்பரப்பு முன்னைவிடச் சீக்கிரம் கறுக்கும்.

முதலில் துண்டை நான்காக மடித்து, அதில் கிண்ணத்தைப் படுக்க வையுங்கள், கால்களில் நிறுத்தாதீர்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் மணமில்லாத மிதமான திரவ சோப்பு சில துளிகள்; பஞ்சில் நனைத்துத் துடையுங்கள், முக்க வேண்டாம். வார்ப்புக் கைப்பிடி பெரும்பாலும் இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்தது, உள்ளே வெற்றிடம். அதிலுள்ள காற்றுத் துளை வழியே நீர் புகுந்தால் மாதக்கணக்கில் கசியும். பிறகு காய்ச்சி வடித்த நீரால் துடைத்து உலரவிடுங்கள். இரண்டு தேக்கரண்டி வீழ்படிவுச் சுண்ணப்பொடியை (மென்மையான கால்சியம் கார்பனேட்; சுண்ணாம்பு அல்ல) காய்ச்சி வடித்த நீரில் தயிர்ப் பதத்தில் குழைத்து, மருத்துவப் பஞ்சால் உள்ளங்கை அளவு இடமாக லேசாகத் தேயுங்கள். பஞ்சு கறுத்ததும் தூக்கியெறிந்து புதியதை எடுங்கள். புடைப்புகள் மட்டும் வெளிச்சம் பெறட்டும், பள்ளங்களின் கறுப்பு இருக்கட்டும். அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் நகாசு தட்டையாகத் தெரியும். முத்திரைகளையும் எடைக் கீறலையும் தொடவே வேண்டாம். இடுக்கில் சிக்கிய பொடியை ஈர ஆட்டுமயிர்த் தூரிகையால் எடுத்து, குளிர்க்காற்றில் உலர்த்துங்கள்.

விருந்தில் வைக்கலாம், கால் சரியான பிறகு, உட்புறத்தில் ஈயப்பற்று இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு மட்டும். ஈயம் இருந்தால் உணவே கூடாது. வெண்ணெய், பால் சார்ந்த சாஸ் சரி. வினிகர், புளி, எலுமிச்சை, முட்டை வேண்டாம். உப்பு அதிகமான சாஸை இரவெல்லாம் விட்டுவிட்டால் வெள்ளியில் கரும்புள்ளிக் குழி விழும். மெருகு போட்டாலும் அது போகாது. பரிமாறி முடிந்ததும் அந்த மணிநேரத்திலேயே கையால் கழுவித் துடையுங்கள். பாத்திரம் கழுவும் எந்திரம் இந்தக் கிண்ணத்துக்கு எதிரி. எடுத்துவைக்கும்போது அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றி, கறுப்புத் தடுக்கும் துணிப்பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். செய்தித்தாள், ரப்பர் வளையம், கம்பளித் துணி, ஓக் மர அலமாரி ஆகிய எல்லாமே வெள்ளியைக் கறுக்கவோ அரிக்கவோ செய்யும். ரப்பர் வளையம் விட்ட கோடு, சுற்றிய தாளையும் தாண்டிப் பதியும்.